பின்னந்தலையிலிருந்து ஒரு புருவம்

என் அக்கா முடி நடும் டாக்டர். அறுவை சிகிச்சைப் படிப்பை முடித்துவிட்டு இந்தத் துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, "இதயம் இருக்கு, மூளை இருக்கு, போயும் போயும் முடிக்கா?" என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்தத் தலையிலும் முடி இல்லை. எனக்கும் இல்லை. அவளுடைய கிளினிக்கின் வரவேற்பு மேசையில் பதினாறு வருடமாக வழுக்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் நட்டுவிடச் சொன்னால், "உனக்கு இதுதாண்டா களையா இருக்கு" என்று நழுவிவிடுவாள். "முடியுமா டாக்டர்?" என்று யார் கேட்டாலும், "முடி இருந்தா முடியும்" என்பாள். பதினாறு வருடமாக அதே ஜோக். நானும் சிரித்துத் தொலைக்கிறேன்.

ஒரு நாள் ஒரு வெல்டர் வந்தார். பட்டறைத் தீயில் இரண்டு புருவங்களும் போயிருந்தன. காயமெல்லாம் ஆறிவிட்டது, ஆறு வயது மகள்தான் கிட்டே வருவதில்லை.

"குரல் கேட்டா ஓடி வரா டாக்டர். முகத்தைப் பாத்ததும் நின்னுடறா."

அக்கா அன்றைக்கு ஜோக் சொல்லவில்லை. "தழும்புத் தோல். எல்லா வேரும் பிடிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பின்னந்தலை முடியை எடுத்து நடப்போறேன். தான் இப்போ புருவம்னு அதுக்குத் தெரியாது, வளந்துக்கிட்டே இருக்கும். வாராவாரம் வெட்டணும்" என்றாள்.

அறுவை நாளில் நர்ஸ் ஒருத்தி வரவில்லை. நட்ட முடிகளை எண்ணிச் சொல்ல அக்கா என்னை உள்ளே நிறுத்தினாள். சுவரில் வெல்டருடைய பழைய லைசென்ஸ் போட்டோ, பெரிதாக்கி ஒட்டியிருந்தது. மூக்குப் பக்கம் மேல்நோக்கி, நடுவில் சாய்வாக, கடைசியில் தோலோடு படுத்தாற்போல் ஒவ்வொரு முடியும் தன் திசையில் போய் உட்கார்ந்தது. ஏழு மணி நேரம். வீட்டில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறவள் இவள். கண்ணில் பூதக்கண்ணாடியோடு கை நடுங்காமல் நானூற்றுப் பன்னிரண்டாவதை நட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலையில் இல்லாவிட்டால் என்ன, கையில் இருக்கிறதே.

மூன்றாவது வாரம் வெல்டர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே உதிர்ந்த முடிகள். உதிரும் என்று முன்பே சொல்லியிருந்தாள், மனுஷன் பயத்தில் மறந்துவிட்டார்.

"விழுந்தது முடிதான். வேர் உள்ளேயே இருக்கு. நாலு மாசம் பொறுங்க" என்று அனுப்பிவைத்தாள். அவர் போன பிறகும் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சுடும்ல அக்கா?"

"தெரியலடா."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பத்தாவது மாதம் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். புருவம் இரண்டும் கண்ணை மறைக்கிற அளவுக்குத் தொங்கின. ஆளை அடையாளம் தெரிந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாராவாரம் வெட்டச் சொன்னேனே? உக்காருங்க" என்று கத்தரியை எடுத்தாள்.

வெல்டர் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டார். "வேணாம் டாக்டர். பாப்பாதான் வெட்டுவா. ஞாயித்துக்கிழமையானா மடியில ஏறி உக்காந்து, மூஞ்சியை அப்படிப் பிடிச்சுக்குவா. மூணு வாரமா பெரியம்மா வீட்ல இருக்கா. தான் வர்றவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

அக்கா கத்தரியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.