க்ளெண்டா வாய் திறக்காமல் பார்த்த ஆட்டம்

ரேவன்பரியில் க்ளெண்டா ஹோல்டனின் குரலைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. மதியம் முந்நூறு பிள்ளைகள் ஒரே கூடத்தில் தட்டோடு நின்று கூச்சல் போடும்போது, பரிமாறும் மேசைக்குப் பின்னாலிருந்து அவள் ஒரு தடவை குரல் கொடுத்தால் போதும், கூடம் அடங்கிவிடும். திட்டமாட்டாள். 'வரிசை' என்பாள், அவ்வளவுதான்.

அந்தக் குரலுக்குச் சனிக்கிழமைகளில் இன்னொரு வேலை இருந்தது. ரேவன்பரி டவுன் நான்காம் டிவிஷனில் ஆடும் அணி. மேலே போவோம் என்று யாரும் நம்பியதில்லை, கீழே போகாமல் இருந்தால் சரி என்பதுதான் ஊரின் பிரார்த்தனை. க்ளெண்டா ஏழு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனவள், பிறகு விடவே இல்லை. கல்யாணத்துக்குத் தேதி பார்த்தபோதுகூட டவுன் வெளியூரில் ஆடும் சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் வைத்தாள். கணவன் கீத்துக்குக் கால்பந்தில் துளியும் பற்று கிடையாது. கால்வாய்க் கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதுதான் அவனுக்குச் சுகம். அதனால் சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் சண்டை வந்ததே இல்லை.

ஒரு வருஷம் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயர் ஆல்வின் ரட். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். சர்க்கரை நோய் கண்ணைக் குடித்துவிட்டது. கையில் சின்ன ரேடியோ வைத்திருந்தார், ஆனால் டவுன் ஆட்டத்தை எந்த ரேடியோக்காரன் சொல்லப்போகிறான்? கூட்டம் கத்தும்போதெல்லாம் தலையை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருந்தார். க்ளெண்டாவுக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே, பந்து எங்கே இருக்கிறது, யார் காலில் இருக்கிறது, எவன் தடுக்கி விழுந்தான் என்று சொல்ல ஆரம்பித்தாள். இடைவேளையில் வாயை மூடினாள். "ஏம்மா நிறுத்திட்ட?" என்றார் ஆல்வின். "இடைவேளைய்யா, எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க" என்றாள். "அதையும் சொல்லேன், யாரு யாரு போறாங்கன்னு" என்றார் அவர்.

இப்படித் தொடங்கியது, சில வருஷங்களில் கிளப்பே அவளுக்கு ஒரு மைக்கும், பார்வையில்லாத ரசிகர்களுக்குக் காதில் மாட்டும் கருவிகளும் வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆறேழு பேர் கேட்டார்கள். ஆனால் ஆல்வின் மட்டும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு காதில் கருவியிலும் மறு காதில் நேரடியாகவும் கேட்பார். ஆட்டம் முடிந்ததும் அவள் சொன்னதில் குற்றம் கண்டுபிடிப்பார். "நீ இடது பக்கம்னு சொன்ன, கூட்டம் வலது பக்கம்ல கத்துச்சு?" என்பார். "அப்ப கூட்டத்தையே கேளு, என்னை ஏன் கேக்குற" என்பாள் இவள். அவருடைய மனைவி பெகி இறந்த பிறகு, வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசிச் சிரிப்பது அந்தச் சண்டையின்போது மட்டும்தான் என்று க்ளெண்டாவுக்குத் தெரியும்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அவள் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தாள். தேனும் எலுமிச்சையும் குடித்தாள். மார்ச் ஆயிற்று, சரியாகவில்லை. பள்ளிக்கூடத்தில் 'வரிசை' என்று சொன்னால் காற்றுத்தான் வந்தது, பிள்ளைகள் சிரித்தன. கீத் அவளை வம்படியாக டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்து, குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை குரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் டவுனும் சரிய ஆரம்பித்தது. கடைசி இரண்டு இடத்தில் இருக்கும் அணிகள் லீக்கைவிட்டே வெளியே போக வேண்டும். டவுன் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்று அந்தப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து நின்றது. ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம் எங்கு பார்த்தாலும் ஊரில் அதே பேச்சு. க்ளெண்டா பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கிளப்புக்குத் தொண்டையில் தொற்று என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். ஆல்வினிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. காரணம் இருந்தது. பெகிக்கும் முதலில் குரல்தான் கம்மியது. எட்டு மாதத்தில் போய்விட்டாள். அந்த மனிதரிடம் போய், எனக்கும் தொண்டையில் கட்டி என்று எப்படிச் சொல்வது? சோதனை முடிவு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அவளுக்குப் பதிலாக மைக்கைப் பிடித்தவர் பென்ரோஸ் வாத்தியார். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், தங்கமான மனுஷர். ஆனால் ஆட்டத்தைப் பார் என்றால் அவர் கண் மலைக்குப் போய்விடும். மேற்கே கருமேகம் திரள்வதை அவர் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது டவுன் ஒரு கோல் வாங்கியது. கூட்டம் முனகியதை வைத்துத்தான் பார்வையற்ற ரசிகர்களுக்கு அது தெரிந்தது. "பந்து எங்கய்யா?" என்று ஆல்வின் மேல்வரிசையில் இருந்த வாத்தியாரை நோக்கிக் கத்தினாராம். "கொஞ்சம் பொறுங்க, தேடிட்டிருக்கேன்" என்று கருவியில் பதில் வந்ததாம்.

ஆல்வின் க்ளெண்டாவுக்குப் போன் செய்தார். அப்போது அறுவைச் சிகிச்சை முடிந்து அவள் வீடு திரும்பியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு சொல் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்று சொல்லியிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை ஆல்வின் செய்தி விட்டார். "க்ளெண்டா, நான்தான். டவுன் முங்கப்போகுதுன்னு தெரிஞ்சதும் நீ பாட்டுக்கு இறங்கிப் போயிட்ட. கப்பல் முங்கும்போது எலிகூட அப்படித்தான் போகும். சரி, நல்லாயிரு."

சமையலறையில் நின்று அதைக் கேட்ட க்ளெண்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாலும் சத்தம் வரக்கூடாதே என்று துவாலையை வாயில் வைத்துக்கொண்டாள். கீத் அந்தச் செய்தியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஆல்வின் வீட்டில் கீத் என்ன சொன்னான் என்பதை அவன் பிறகு அவளிடம் சுருக்கமாகத்தான் சொன்னான். விஷயத்தைக் கேட்டதும் ஆல்வின் எழுந்து, தட்டுத் தடவி டீ போட்டுக் கொடுத்தாராம். கீத் கிளம்பும்போது வாசல்வரை வந்து சொன்னாராம்: "கடைசி ஆட்டத்துக்கு அவளைக் கூட்டிட்டு வா. பேச வேணாம். பக்கத்துல இருந்தா போதும்."

ஆட்டத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் க்ளெண்டா தனியாக இருந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரியாக இருக்குமோ என்று பாய்ந்து எடுத்தாள். ஆஸ்பத்திரிதான். "மிஸஸ் ஹோல்டனா?" என்றாள் ஒரு நர்ஸ். க்ளெண்டா வாயைத் திறந்தாள், மூடினாள். போனை நகத்தால் தட்டினாள். "ஹலோ? கேக்குதா?" மறுபடி தட்டினாள், இன்னும் பலமாக. "லைன் சரியில்ல போல" என்று யாரிடமோ சொல்லிவிட்டு நர்ஸ் வைத்துவிட்டாள்.

கீத் வேலையிலிருந்து வந்து திருப்பி அழைப்பதற்குள் அந்தப் பிரிவு மூடிவிட்டது. எஞ்சியிருந்த ஒரு பெண், முடிவு வந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை வாருங்கள், டாக்டர் நேரில்தான் சொல்வார் என்றாள். நல்லதா கெட்டதா என்று கீத் கேட்டான். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது என்றாள் அவள். திங்கட்கிழமை வேறு அரசு விடுமுறை. அன்று இரவு இருவரும் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தார்கள்.

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்: டவுன் தோற்கக் கூடாது, அதே விளிம்பில் நிற்கும் ஆஷ்மியர் அணி தன் ஆட்டத்தில் ஜெயிக்கக் கூடாது. இரண்டும் நடந்தால் பிழைத்தோம். கீத் வாழ்நாளில் முதல்முறையாக உள்ளே வந்து, க்ளெண்டாவின் மறுபக்கம் உட்கார்ந்தான். எந்த நிறம் நம்முடையது என்று கேட்டு முன்வரிசைக்காரனிடம் முறைப்பு வாங்கினான்.

ஆல்வின் கைத்தடியை மடக்கி வைத்துவிட்டு, "வந்துட்டியா" என்றார். அவள் அவர் கையைத் தொட்டாள். எலி பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்க வழியில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் காதுக்கருவியைக் கழற்றி மடியில் போட்டார். வாத்தியார் வந்திருந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். க்ளெண்டா பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவருடைய சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கையை ஒரு விரலால் அழுத்தினாள். நம்ம கோல் கம்பம். மணிக்கட்டை அழுத்தினாள். அவங்க கோல் கம்பம். ஆல்வினுக்கு அதிகம் விளக்கத் தேவைப்படவில்லை. அவள் விரல் அவர் கைமேல் ஓட ஆரம்பித்தது. பந்து நடுவில் தடுமாறினால் விரலும் தடுமாறியது. உயரமாக அடித்தால் விரல் கையைவிட்டு எழும்பி வேறோர் இடத்தில் இறங்கியது. "கார்னரா?" என்று கேட்பார், ஒரு அழுத்து என்றால் ஆம். "நம்மாளா தள்ளிவிட்டான்?" இரண்டு அழுத்து என்றால் இல்லை.

இடைவேளைக்குச் சற்று முன் விரல் விறுவிறுவென்று முழங்கைக்கு ஓடி அங்கேயே நின்றுவிட்டது. மைதானம் முழுக்க அமைதி. எதிரணி ஆட்கள் நின்ற மூலையில் மட்டும் கூச்சல். "புரியுது" என்றார் ஆல்வின்.

பின்பாதியில் மழை தூறியது. டவுன் ஆட்கள் முட்டி மோதினார்கள், பந்து போகவில்லை. ஆஷ்மியர் ஒன்றுக்கு ஒன்று சமம் என்று பின்னால் யாரோ போனைப் பார்த்துச் சொன்னார்கள். கீத் தனக்குத் தெரியாமலே எழுந்து நின்றுகொண்டிருந்தான். க்ளெண்டாவின் விரல் மணிக்கட்டுப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு கார்னர். பந்து உள்ளே வந்தது, யார் யார் மேலோ பட்டது, டவுனின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் விழுந்துகொண்டே முழங்காலால் இடித்தான். உள்ளே போய்விட்டது.

க்ளெண்டா துள்ளி எழுந்தாள், வாய் தானாகத் திறந்தது. அந்த நொடியில் ஆல்வினின் பெரிய கை வந்து அவள் முகத்தில் அறைந்தது. முதலில் மூக்கு, பிறகு வாய். "கத்தாத! கத்தாத தாயி, நான் கத்துறேன்" என்று சொல்லி அவர் கத்தினார். இரண்டு பேருக்கும் சேர்த்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். அவள் அவர் உள்ளங்கைக்குள் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றாள். மூக்கு நன்றாகவே வலித்தது.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. ஆனால் ஆஷ்மியர் ஆட்டம் முடியவில்லை. மைதானமே போன்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆட்டக்காரர்கள் நடு மைதானத்தில் தோளில் கைபோட்டு நின்றார்கள். அப்புறம் எங்கோ ஒரு மூலையில் சத்தம் கிளம்பி மைதானத்தைச் சுற்றி வந்தது. ஆஷ்மியர் ஜெயிக்கவில்லை. ஆட்டம் பாட்டம் என்று பெரிதாக இல்லை. பலபேர் பொத்தென்று உட்கார்ந்தார்கள். முன்வரிசைக்காரன் இருக்கை முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு, போதும்டா சாமி என்பதுபோல் கிடந்தான். மேலிருந்து இறங்கி வந்த பென்ரோஸ் வாத்தியார் மைக்கை க்ளெண்டாவின் மடியில் வைத்து, அடுத்த சீசன் தொடங்கும் ஆகஸ்டுக்குள் குணமாகிவிடுங்கள், என்னால் முடியாது என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் க்ளெண்டாவுக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. ஞாயிறு தோட்டத்தில் களை எடுத்தாள். திங்கள் இருவரும் கால்வாய்க் கரையில் உட்கார்ந்தார்கள். மீன் ஒன்றும் மாட்டவில்லை. கீத் அவள் கையை விடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர், சின்ன வயதுப் பெண், அவர்கள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "பயப்பட ஒண்ணும் இல்ல. புற்று இல்ல. வருஷக்கணக்கா குரலைப் போட்டு வாட்டுனதுல வந்த கட்டி, அவ்வளவுதான். சுத்தமா எடுத்தாச்சு." கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, ஆறியிருக்கிறது, மெதுவாக ஏதாவது பேசுங்கள் என்றாள்.

என்ன பேசுவது என்று க்ளெண்டாவுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் சேர்த்து வைத்த பேச்சில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கீத், கார் நிறுத்தக் காசு கட்டின நேரம் முடியப்போகுது" என்றாள்.

குரல் தாழ்ந்து, கரகரவென்று, வேறு யாருடையதோ போல வந்தது. கீத் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அழுகையாகத் திரும்பி, டாக்டர் நீட்டிய காகிதக் கைக்குட்டையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே தாழ்வாரத்தில் நின்று ஆல்வினுக்குப் போன் செய்தாள்.

"யாரு, கீத்தா?" என்றார் அவர்.

"நான்தான்யா. ஒண்ணும் இல்லையாம். சாதாரணக் கட்டியாம்."

மறுமுனையில் ஆல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த கோல்," என்றார், "வாத்தியார் நெத்தியில பட்டதுங்கிறாரு. எனக்கு நம்பிக்கை இல்ல. எங்கம்மா பட்டுச்சு?"

கார் நேரம் முடிகிறதென்று கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி கீத் கையைக் காலை ஆட்டினான். க்ளெண்டா தாழ்வாரத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "முழங்கால்" என்று மெல்ல ஆரம்பித்தாள். "கார்னர் வலது பக்கம். நல்லாக்கூட அடிக்கல அவன்..."