மேளம் கேட்ட தூரம்

கணவன் ஆனந்தராஜ் செத்ததற்குச் சந்திரலேகாவுக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள், வரவில்லை. காரியம் முடிந்து கொஞ்ச நாளில், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை வேலைக்கே திரும்பினாள். ஊறுகாய் ஜாடியின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் துடைத்துத் தள்ளினாள். சோறு வைத்தால் தின்றாள், விளக்கை அணைத்தால் படுத்தாள். மரத்துப்போன காலைப் போல உடம்பு மொத்தமும் யாருடையதோ என்று இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உறைத்தது. சாவுக்கு ரஹமத்பீ வரவில்லை.

ஜாடி சந்திரலேகாவுடையது என்றால் மூடி ரஹமத்பீயுடையது. கல்யாணமான புதிதிலிருந்து பக்கத்துப் பக்கத்துப் பலகை. பெருநாள் பிரியாணி இங்கே வரும், பொங்கல் கரும்பு அங்கே போகும். மாமியார் சண்டை முதல் இடுப்பு வலி வரை பேசாத பேச்சில்லை. அவரவர் சாமி, சடங்கு என்று வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். கேட்டால் தப்பாக நினைத்துவிடுவாளோ என்று இவள் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அதைப் பெரிய மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டார்கள். என்ன மரியாதையோ!

கோடையில் ரஹமத்பீயின் கணவர் போனபோது சந்திரலேகா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு ரஹமத்பீ வேலைக்கு வரவில்லை. அவள் மகன் வேண்டாம் என்றிருப்பான் என்று இவளாகவே முடிவு கட்டினாள். அடுத்த மாதமே திட்டக்குடி பஸ்ஸில் ஆனந்தராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஊரே வந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்தவள் வரவில்லை. மறுநாள் போன் அடித்தது. பெயரைப் பார்த்துக் கட் பண்ணினாள். இரண்டு தெரு நடக்க முடியாதவளுக்குப் போன் ஒரு கேடா?

பிறகு ரஹமத்பீ வேலைக்கு வந்தாள். ஜாடி நகர்ந்தது, மூடி உட்கார்ந்தது. இருவருக்கும் இடையே ஒரு வார்த்தை இல்லை.

ஆயுத பூஜை முடிந்து சூளைக்கு முதல் தீ வைக்கும் நாள். மேஸ்திரி வளவன் கற்பூரம் ஏற்றி எல்லோரையும் கூப்பிட்டார். சந்திரலேகா அச்சு அடுக்கியிருந்த சுவரோரமாகப் போய் நின்றாள். ரஹமத்பீ அவளையே பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"நான் நிக்கறதால தள்ளி வந்துட்டியா, சந்திரா?"

"உனக்காவ ஒண்ணும் இல்ல. தாலி அறுத்தவ முன்ன நிக்கக் கூடாது."

"யார்னா சொன்னாங்களா?"

"சொல்லணுமா? எங்கள்ல அப்படித்தான்."

ரஹமத்பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்கள்ல 'இத்தா'ன்னு ஒண்ணு இருக்குது. புருசன் போயிட்டா நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்ட மாட்டோம். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். போன் போட்டேன், நீ எடுக்கல."

சந்திரலேகா கோடையிலிருந்து மாதங்களை எண்ணிப் பார்த்தாள். கணக்கு உதைக்கவே இல்லை.

"எனக்கு யாரு சொன்னா?" என்றாள்.

"அண்ணன எங்க தெரு வழியாதான் எடுத்துட்டுப் போனாங்க. மேளம் வரவும் உள்ரூம்பு சன்னலாண்ட போயி நின்னேன். இத்தாவுல தொறக்கக் கூடாது. காத வச்சிக்கினு நின்னேன்."

"நானும் தெருமுனை வரைக்கும்தான் போனேன், அக்கா. அதுக்கு மேல பொம்பளைங்கள வுடல. வூட்டுக்குள்ள கூட்டிக்கினு வந்து தலைக்குத் தண்ணி ஊத்திட்டாங்க. அந்தச் சத்தத்துல மேளமே கேக்கல." சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு எது வரைக்கும் கேட்டுச்சி?"

"எங்க வூட்டுக்குப் பின்னாலதான ஆறு. ஆத்தங்கரை சுடுகாட்டுல மேளம் நிக்கிற வரைக்கும் கேட்டேன்."

வளவன் கற்பூரத் தட்டோடு திரும்பிப் பார்த்தார். சந்திரலேகா அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து, புருசன் செத்ததற்கு வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.