என் மகள் கேட்ட பிரேக் கேள்வி

முன்பின் தெரியாத இளைஞனை என் ஏழு வயது மகள் கேள்வி கேட்டால், நான் தடுக்க வேண்டுமா?

தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் இளநீர் குடிக்க நிற்கிறோம். ஒருவன் மோட்டார் சைக்கிளில் குப்புறப் படுத்து, கால்களைப் பின்னால் நீட்டியபடி லாரியை ஒட்டிப் பறக்கிறான். என் கை மகளின் தோளை இறுக்குகிறது. அவன் திரும்பி வந்து, கடையருகே நிற்கும் தன் நண்பர்கள் பக்கத்தில் நிறுத்துகிறான்.

"எப்படி பாப்பா, அண்ணன் சூப்பர்லா?"

தினமும் அப்பாவின் மோட்டாரில் பள்ளிக்குப் போகிறவள் கேட்கிறாள்: "காலு ரெண்டும் பின்னால இருந்தா பிரேக்க எப்படிண்ணே மிதிப்பீங்க?"

"பதில் சொல்லுலா!" என்று அவனுடைய நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

அவன் குனிந்து தன் காலைப் பார்க்கிறான். பிறகு வண்டியை எடுத்து, சாலை வளைவு வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தே போகிறான். அதற்கப்பால் எனக்குத் தெரியவில்லை.

பெருமை தாங்கவில்லை. ஆனால் அவன் கோபக்காரனாக இருந்திருந்தால்? உங்கள் பிள்ளையாக இருந்தால் பேச விடுவீர்களா, சொல்லுங்கள்.