சேலை கட்டிய மாப்பிள்ளை

செவ்வாய்க்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து ராஜம்மா அக்கா அழைத்தார். "அவரு போயிட்டாரும்மா. தூக்கத்துலயே." எடுத்த கத்தரிக்காயைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

அக்காவின் கணவர் மாரிமுத்து அண்ணன், ஆயுசெல்லாம் லோரி ஓட்டியவர். நான் நடத்தும் சனிக்கிழமை நாடகக் குழுவில் பெரியவர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். பிள்ளைகள் அதை நாடகமாக்குவார்கள். இரு தரப்பும் சேர்ந்து நடிக்கும். கதை சொன்னவர் தன் வேடத்தைப் போடக்கூடாது, எதிராளியாகத்தான் நிற்கவேண்டும் என்பது என் சட்டம். குழுவுக்கு வந்த முதல் நாளே அண்ணன் அதற்காகச் சண்டைக்கு வந்தார். நான் மட்டும் லேசுப்பட்டவளா? அரை மணி நேரம் கத்திவிட்டு இருவரும் நுரை பொங்கும் தே தாரிக் டீ குடித்தோம்.

பிறகு அவர் சொன்னதெல்லாம் அண்டப்புளுகு. அவர் லோரி ஓட்டிய ஜெஞ்சாரோம் பாதையில் வாரம் ஒரு யானை குறுக்கே வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன வருடம் ஒருநாள் உண்மையைச் சொன்னார். கல்யாணத்தன்று பயந்துபோய், லோரியை எடுத்துக்கொண்டு தூரத்து ரவாங் ஊர் வரை ஓடியிருக்கிறார். மனசு கேட்காமல் திரும்பி, முகூர்த்தம் முடியும் நேரத்துக்கு வந்து தாலி கட்டியிருக்கிறார். லோரி கெட்டுப்போனதாகத்தான் அக்காவிடம் அன்றுவரை சொல்லிவந்தாராம்.

"இனிமே என் வாயால வராதும்மா. புள்ளைங்க சொல்லட்டும். அவ மன்னிச்சா சரி" என்றார்.

நாடகத்தன்று ஒன்பது வயது யாழினி மாப்பிள்ளை. சட்டப்படி அண்ணன் மணப்பெண். சேலை, சாந்துப்பொட்டு, தலை நிறையப் பூ. முன்வரிசையில் ராஜம்மா அக்கா. யாழினி கணீரென்று சொன்னாள்: "லோரி கெடல. பயந்து ஓடிட்டேன். என் மேல கோவமா?"

மணப்பெண் திட்டவேண்டிய இடம். அண்ணன் வசனத்தை விட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார்.

அக்கா எழுந்தார். "கோவமா? நீங்க வராம இருந்தா தேவலைன்னு நானும் சாமிகிட்ட வேண்டிக்கிட்டுத்தாங்க உக்காந்திருந்தேன். அவ்வளோ பயம் எனக்கு."

மண்டபமே அதிர்ந்தது. அண்ணன் சிரித்த சிரிப்பில் கொசுவம் அவிழ்ந்து, பிள்ளைகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

அன்று சேலையை மாற்றக்கூட மனசில்லாமல், பூவும் பொட்டுமாக, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கிள்ளான் ரயில் ஏறினார். பெட்டியே திரும்பிப் பார்த்தது; எல்லாருக்கும் கை காட்டினார். அப்படியே போய்வாருங்கள், அண்ணே.