மாமாவின் இரத்தமும் அக்காவின் மாத்திரையும்

தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் மாமாவின் பரிசோதனை முடிவு கொழும்பிலிருந்து வந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். இருவரும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறார்கள். அதுவரை அவருடைய சிவந்த கண்களுக்குத் தோட்டம் ஒரே காரணத்தைத்தான் வைத்திருந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், "என்னண்ணே, இப்பவே போட்டாச்சா?" என்பார்கள். சாராயத்தைத் தொடாத மனிதர். வெந்நீரில் குளித்தால் உடம்பு அரிக்கும். அதற்கு வருடக்கணக்காகச் சொறி மருந்து கொடுத்தார்கள்.

ஜாக்-2 என்ற நொதியின் மரபணுவில் மாற்றம் என்றிருந்தது. தேடிப் படித்தேன். இரத்த அணுக்களைப் பெருக்கச் சொல்லி வரும் கட்டளையை எலும்பு மஜ்ஜைச் செல்லுக்குள் கடத்துவது அந்த நொதியின் வேலை. மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால், கட்டளை வராமலே கடத்திக்கொண்டிருக்கிறது. பிறப்போடு வந்ததல்ல, பிள்ளைகளுக்கும் போகாது. மாமாவிடம் சொன்னேன்.

"அப்ப தொரை சொல்லாமலே பெரட்டுக்கு ஆள் கூப்பிடுற கங்காணின்னு சொல்லு மச்சான்," என்று சிரித்தார்.

அணுக்கள் பெருகித் தடித்த இரத்தம் குழாய்களை அடைக்காதிருக்க, மாதமொருமுறை பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு பை எடுத்தார்கள். அக்காவுக்கும் அங்கேதான் வைத்தியம். கர்ப்பப்பையில் கட்டி, மாதவிலக்கில் இரத்தம் மிகுதியாகப் போய் வெளுத்திருந்தாள். இரத்த அளவு ஏறினால்தான் சத்திரசிகிச்சை என்று இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"எடுத்தத என்ன செய்வீங்க மிஸ்?" என்று தாதியிடம் கேட்டாள் அக்கா.

"கொட்டிருவோம். வேற யாருக்கும் ஏத்த ஏலாது."

"எங்கிட்ட இவரு உறிஞ்சினதுதானே மிஸ், எனக்காவது திருப்பித் தரக்கூடாதா?"

மாமாகூடச் சிரித்தார்.

சித்திரைக்குள் அவருடைய இரத்த அளவு இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருந்தது. அக்காவுடையதோ இன்னும் இறங்கியிருந்தது. வெசாக் பண்டிகைக்கு முந்திய கிளினிக்கில், வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று வைத்தியர் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். மாமா இல்லையென்றார்.

"நாந்தான் குடுத்தேன்," என்றாள் அக்கா. "எனக்குக் குடுத்தத இவரு மாத்திரையோட சேத்துக் குடுத்தேன். மாசாமாசம் பை பையா எடுக்குறாங்க. ஈடு கட்டாட்டி மனுசன் என்னத்துக்கு ஆவான்?"

இரும்பு இரத்தத்தை இன்னும் பெருக்கும், மாமாவுக்கு ஆகாது. அதை அவரிடம் சொல்லியிருந்தார்கள். தினமும் மாத்திரையை எடுத்து அவர் கையில் வைப்பவளிடம் எவரும் சொல்லவில்லை. அந்த நோயைப் பற்றிப் பேசியதெல்லாம் ஆண்கள்.

மாமாவுக்கு இனி அடிக்கடி இரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். அக்காவின் சத்திரசிகிச்சை மறுபடியும் தள்ளிப்போனது. பஸ்ஸில் மாமா குமுறிக்கொண்டே வந்தார்.

"ஒனக்குக் குடுத்தத நீ முழுங்க வேண்டியதுதானே, கழுத!"

"எனக்குன்னு வந்தத என்னைக்கு நான் தின்னிருக்கேன்?"

இரும்புச்சத்துக்காகப் பதுளையில் அக்காவுக்கென்று நான் ஈரல் வாங்கியிருந்தேன். லயத்துக்குப் போனதும் சமைத்தாள். சோற்றை முதலில் மாமாவுக்குப் போட்டு, பெரிய துண்டுகளாகப் பொறுக்கி அவர் தட்டில் வைத்தாள்.