பதினாறு நடக்குது

அன்றைக்கு அந்தப் பிள்ளை என்னிடம் உண்மையைத்தான் சொன்னாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். பிழையை அவள் தலையில் கட்டிவிட அலுவலகத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

நான் தொழில் பரிசோதகன். வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் சாறிச் சட்டை தைக்க ஒரு சின்னப் பிள்ளையை வைத்திருக்கிறார்கள் என்று முறைப்பாடு வந்தது. என் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கேட்டுச் சொல்வது என் வேலை. முதலாளி எங்களை ஏ.சி. அறையில் இருத்தி, எல்லாரும் தன் பிள்ளைகள் மாதிரித்தான் என்றார். தேநீர் வந்தது. கொண்டுவந்தவளே நாங்கள் தேடிப் போன பிள்ளை. வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தோம்.

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். வயதைக் கேட்டேன். முதலாளி பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தே சொன்னாள்.

"பதினாறு நடக்குதுங்க சேர்."

நான் மேலதிகாரியிடம் சிங்களத்தில் "தஹசயயி", பதினாறு, என்றேன். அவர் படிவத்தில் பதினாறு என்று எழுதினார். பதினாறு நிறைந்தவர்களை வேலைக்கு வைக்கலாம் என்பது சட்டம். பிறப்புச் சான்றிதழ் தோட்டத்தில் இருக்கிறது என்றார்கள். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

பதினாறு நடக்கிறது என்றால் பதினைந்துதான் முடிந்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கதைப்போம். சில நாள் கழித்து என் மனைவி பக்கத்து வீட்டாரிடம் எங்கள் மகளைப் பற்றி, பதினாறு நடக்குது, ஓ.எல். சோதனை எடுக்கப்போறா என்று சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. மகள் கணக்கு வரவில்லை என்று புத்தகத்தோடு சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் சொன்னேன். கோப்பு மூடியாயிற்று, இன்னும் சில மாதத்தில் அவளுக்குப் பதினாறு ஆகிவிடும், இதற்கு ஏன் கரைச்சல் என்றார். அந்தப் பிள்ளைதான் ஒழுங்காகச் சொல்லவில்லை என்றார் பக்கத்து மேசைக்காரர். மேசையைத் தூக்கி அடிக்கவேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. அவள் வாயால் திரும்பக் கேட்டு எழுதி வாருங்கள், பார்ப்போம் என்று கடைசியில் மேலதிகாரி இறங்கி வந்தார்.

உடனே பஸ் ஏறிப் போனேன். இருந்த ஆத்திரத்தில் முதலாளியிடமே கத்தினேன். நடக்குது என்றால் முடியவில்லை, முடிந்தால்தான் வேலைக்கு வைக்கலாம், தமிழ் பேசுகிற உமக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன். அவர் மிகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பிள்ளையைத் தானே கூட்டிவருவதாகச் சொல்லி மேலே ஏறிப் போனார். நான், மடையன், கீழேயே நின்றேன்.

பத்து நிமிடத்தில் அவள் இறங்கி வந்தாள். இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. வயதைக் கேட்டேன்.

"பதினாறு முடிஞ்சிருச்சுங்க சேர்."

யார் சொல்லித் தந்தது என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. சொல்லித் தந்தவன் நான்தான்.