வெயில் பார்த்த எலும்பு

எங்கள் வீட்டில் வெயில் நுழையக் கூடாத அறை ஒன்று இருந்தது. அப்பா போடியில் சின்ன அளவில் ஏலக்காய் வியாபாரம் செய்தார். மலையிலிருந்து மூட்டையில் வரும் காயை வாங்கி, பொறுக்கித் தரம் பிரித்து, பெரிய கடைகளுக்குக் கொடுப்பார். காயின் பச்சை நிறத்துக்குத்தான் விலை. வெளிச்சம் பட்டால் பச்சை வெளுத்துவிடும் என்று அந்த அறையின் ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார். உள்ளே ஒரு பல்பு. அதற்குக் கீழே முறத்தோடு அக்கா உட்கார்ந்திருப்பாள்.

சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவளை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். வயதுக்கு வந்தபின் தெருவுக்குப் போவதும் நின்றது. பருங்காய், சிறுகாய், வெடித்தது, பூச்சி என்று அவள் விரல்கள் பார்க்காமலே பிரிக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார். நான் பள்ளிக்கூடம் போனேன். என் படிப்பின் மேல் யாருக்கும் அக்கறை இருந்ததாக நினைக்க வேண்டாம். அந்தப் பல்புக்குக் கீழே ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது.

அக்காவைத் தேவாரம் என்ற ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடித்துக் கூட்டி வந்தபோது அவள் நடையே மாறியிருந்தது. இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். தரையிலிருந்து எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி மேலே வர வேண்டியிருந்தது. தொடையும் இடுப்பும் உள்ளுக்குள்ளே குடைகிறது என்பாள். "மாசமா இருக்கறவளுக்கு எல்லாம் இருக்கறதுதான்" என்றாள் அம்மா. வந்த மறுவாரமே முறத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள் அக்கா. யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

யுத்தத்தின்போது பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, மதுரைக்கு மறுபடி ரயில் ஓட ஆரம்பித்திருந்த காலம் அது. சிலமலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. அதில் அப்பா கிணறு வெட்டினார். ஆள் உயரம்கூட இறங்கவில்லை, கடப்பாரை ஒரு தாழியில் பட்டது. அந்தக் காலத்து மனிதர்களைப் புதைக்கிற பெரிய மண்தாழி. வாய் உடைந்ததும் உள்ளே எலும்பு தெரிந்தது. வெட்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் எல்லோரும் அவரிடம்தான் போவோம். எங்கே தாழி கிடைத்தாலும் தன்னிடம் சொல்லச் சொல்லி வைத்திருந்தார். நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு கிறுக்கு என்று ஊரில் சிரிப்பார்கள். அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பாவோடு வண்டியில் போயிருந்த நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சாக்கை விரித்து, எலும்பு ஒவ்வொன்றாக எடுத்து ஆள் படுத்திருக்கிற மாதிரி அடுக்கினார்.

"பொம்பளை. அம்பது வயசு தாண்டியிருக்கும்" என்றார். "பல்லப் பாருங்க, எப்படித் தேஞ்சு போச்சு. கல்லும் மண்ணும் கலந்த மாவத் தின்னவ. கழுத்தெலும்பு அமுங்கி ஓரமெல்லாம் முள்ளு விட்டிருக்கு. காலமெல்லாம் தலைச்சுமை தூக்கியிருக்கா. கணுக்கால்ல இந்தத் தழும்பு குத்தவச்சே வேலை பாத்ததால வந்தது."

"பாவம், என்ன பாடு பட்டாளோ" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"பாடுதான் பட்டிருக்கா. ஆனா இந்தத் தொடையெலும்பைப் பாருங்க. என்னா நேரா இருக்கு! வெயில்ல கெடந்து வளந்த எலும்பு. இடுப்பெலும்பும் நல்ல அகலம். பிள்ளை பெறுறதுல இவளுக்குச் செரமம் இருந்திருக்காது."

எனக்கு அக்காவின் நடை ஞாபகம் வந்தது. எலும்பு வளையுமா என்று கேட்டேன். வெயிலே படாமல், பால், முட்டை என்று சத்தான சாப்பாடும் இல்லாமல் கிடந்தால் எலும்பு இளகும், இளகினால் உடம்புப் பாரத்துக்கே வளையும் என்றார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அப்பா என்னை முறைத்தார். டாக்டர் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மாசம் என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலமே குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டாள். மாசமாக இருக்கிறவள் வீட்டுக்குள் சாவுத் தீட்டு வரக் கூடாது. அவள் புருஷன்கூடப் பாடை தூக்க மாட்டான். அப்பாவும் நானும் கிணற்றை எட்டிப் பார்த்ததற்கே தலைமுழுகி வந்திருந்தோம். இவரோ எலும்பைக் கையில் எடுத்து அளைந்தவர்.

"உள்ள வராதீங்க டாக்டரய்யா. பொணத்தத் தொட்ட கை."

"அந்தப் பொம்பளை செத்து ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும் தாயி."

"எத்தனை வருசமானா என்ன, பொணம் பொணந்தான்."

ஒருத்தர் இறந்தால் இத்தனை நாள் தீட்டு என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் வருஷத்துச் சாவுக்கு எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் பேறுகாலம் முடிகிற வரைக்கும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வாசலை மறித்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. தெருவில் நின்றபடியே, "பிள்ளைய அந்த ரேழியில நாலெட்டு நடக்கச் சொல்லுங்க, இங்கருந்தே பாத்துக்கறேன்" என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் நிற்கும் ஓர் ஆம்பளை தன் நடையைப் பார்க்கிறாரே என்ற வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அவர் முகம் சுருங்கிப் போனது. அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இடுப்பு எலும்பு உள்பக்கம் அமுங்கியிருக்கும்னு படுது. பிள்ளை வெளிய வர வழியிருக்காது. வலி எடுக்கறதுக்கு முன்னாடியே மதுரைக்குக் கொண்டு போயிருங்க. ரயில்ல படுக்க வச்சே கூட்டிட்டுப் போகலாம். வயித்தக் கீறித்தான் எடுக்கணும். இப்பப் போனா ரெண்டு உசுரும் பொழைக்கும்."

அப்பா தலையாட்டினார். கதவைச் சாத்திய பிறகு, "எம்மக வயித்துல கத்தி வைக்கவா நான் பெத்து வளத்தேன்" என்றார்.

பேச்சு வேறு பக்கம் திரும்பியது. தாழியில் இருந்தவளின் காத்துதான் டாக்டரைப் பிடித்துக்கொண்டு அப்படிப் பேச வைக்கிறது என்று அம்மா சொன்னாள். அப்பா கிணற்றை மூடச் சொன்னார். எலும்புகளைத் தாழியோடு வைத்து மண்ணைத் தள்ளி, கோழி அறுத்துப் பொங்கல் வைத்தார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரி தினமும் பொணம் விழுகிற இடம், அங்கே போய்ப் பிள்ளை பெறுவதா என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. மருத்துவச்சி வந்து அக்காவின் வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை நல்லாத்தான் இருக்கிறது, நான் எடுக்காத பிள்ளையா என்றாள்.

அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டாள். காயைப் பொறுக்கியபடியே பேசினாள்.

"அவரு சொன்னது நெசந்தான்டி. என் ஒடம்பு எனக்குத் தெரியாதா? அப்பாகிட்டச் சொல்லி என்னைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. கத்தி வச்சாலும் வைக்கட்டும். எனக்குச் சாகப் பயமா இருக்கு."

நான் போய்ச் சொன்னேன். அப்பா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "போகலாம் ஆத்தா, இந்த லோடு போகட்டும்" என்றார். மறுபடி சொன்னேன். "சின்னப் பிள்ளைக்கு இதுல என்ன சோலி, போ" என்றார். அவர் மனது அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இன்னும் நாள் இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவர் காலம் தள்ளினார்.

வலி சில நாள் முன்கூட்டியே எடுத்துவிட்டது. மருத்துவச்சி எண்ணெயும் வெந்நீருமாகப் போராடினாள். குழந்தையின் தலை ஓரிடத்துக்கு மேல் இறங்கவே இல்லை. அக்கா முதலில் கத்தினாள், பிறகு முனகினாள், பிறகு அதுவும் குறைந்தது. மருத்துவச்சி வெளியே வந்து, "என் கைக்கு மிஞ்சிப் போச்சு" என்றபோது அப்பா செருப்புகூடப் போடாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடினார்.

இந்தத் தடவை அம்மா வாசலை மறிக்கவில்லை. "தொடுங்கய்யா, எங்க வேணும்னாலும் தொடுங்க" என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே வண்டி பிடிக்கச் சொன்னார். மலையிலிருந்து லோடு இறக்கிவிட்டு நின்ற ஜீப்பு ஒன்றைப் பிடித்து அக்காவைப் படுக்க வைத்தார்கள். "வெரசாப் போப்பா, வெரசாப் போப்பா" என்று அப்பா சொல்லிக்கொண்டே போனது தெருமுனை வரைக்கும் கேட்டது. டாக்டர் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனார். ஆண்டிபட்டி தாண்டவில்லை. ஜீப்பு திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது என்னவென்று, எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு செத்தவளை அப்படியே அடக்கம் செய்ய மாட்டார்கள். இரண்டு உயிரை ஒரு குழியில் வைக்கக் கூடாது. பிள்ளையை எடுத்துத் தனியாகப் புதைப்பார்கள். மயானத்தில் அதைச் செய்கிற ஆள் உண்டு. அவர் வாசலில் வந்து நின்று, வீட்டிலிருந்து ஒரு கத்தி வேண்டும், அதுதான் முறை என்றார்.

பெண்கள் எல்லோரும் கூடத்தில் அழுதுகொண்டிருந்தோம். அப்பா உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து அவர் திரும்பி வந்து, ஈர வேட்டியோடு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொம்பளைப் பிள்ளை" என்றார். "முழு வளத்தி. ஒரு கொறையும் இல்ல."